வேலிக்கு வெளியே ஒரு வீடு

எங்கள் ஊரில் ரொட்டியை மென்றால் பல்லில் மணல் நெறுநெறுக்கும். அதற்கெல்லாம் யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆனால் அந்தக் கோடையில் கிரிஸ்டுப் வீட்டு ரொட்டியில் இருந்த மணல் வேறு மாதிரி. அவன் மனைவி அடூஷே மாவுத் தொட்டியின் மேல் ஈரத் துணியைப் போர்த்தி, துணிக்கடியில் கையை விட்டுத்தான் பிசைவாள். அப்படியும் மணல் புகுந்துவிடும். படுக்கையை உதறினால் மணல். பால் செம்பின் அடியில் மணல். காலையில் கதவைத் திறந்தால், இரவெல்லாம் வந்து காத்திருந்த விருந்தாளி மாதிரி அது உள்ளே சரியும்.

ஊருக்கு ஒரு பக்கம் கடல், மறு பக்கம் காயல். நடுவில் மணல்மேடு. கடல்காற்று அந்த மேட்டை ஒவ்வொரு வருஷமும் காயல் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே வரும். மேட்டிலிருந்து நாக்கு மாதிரி ஒரு மணல்சரிவு ஊரை நோக்கி நீண்டிருந்தது. அந்த நாக்கின் நுனியில் இருந்தது கிரிஸ்டுப்பின் வீடு. நாணல் கூரை, மரக்கட்டைச் சுவர், நீலச் சாயம் பூசிய ஜன்னல்கள்.

அந்த வீட்டைத்தான் படம் வரைய வரும் படக்காரர்களுக்குப் பிடிக்கும். பெரிய போருக்கு ஏழெட்டு வருஷம் முந்திய காலம் அது. கோடை பிறந்ததும் நகரங்களிலிருந்து நீராவிப் படகில் வந்து இறங்குவார்கள். விடுதியில் இடம் பிடித்தவர்கள் போக மீதிப் பேர் எங்கள் வீடுகளில் தங்குவார்கள். விடிந்ததும் சரிவெங்கும் வெள்ளைக் குடைகள் முளைத்துவிடும். எல்லாக் குடைகளும் மேட்டைப் பார்த்தபடி இருக்கும்.

கிரிஸ்டுப் வீட்டில் தங்கியவர் பெயர் டெட்மர். நரைத்த தாடி, மெல்லிய குரல். ஐந்தாறு கோடையாக அதே அறைக்கு வருகிறவர். சாப்பாட்டில் குறை சொல்ல மாட்டார். நாங்கள் வலையில் பிடித்து உப்பிட்டுத் தின்னும் காக்கையை வைத்தால்கூட எலும்பைக் கடித்துச் சாப்பிடுவார். அவருக்குக் கிரிஸ்டுப் என்றால் உயிர். படகை ஓட்டச் சொல்வார், வலையோடு நிற்கச் சொல்வார், வரைவார். அவர் வரைந்த கிரிஸ்டுப் நகரத்தில் ஏதோ மண்டபத்தில் தொங்குவதாகப் பேச்சு. கிரிஸ்டுப் அதைப் பற்றி வெளியே பேசிக்கொள்ள மாட்டான். ஆனால் அதற்குப் பிறகு தாடியைச் சீராக வெட்டிக்கொள்ள ஆரம்பித்ததை ஊர்ப் பெண்கள் நாங்கள் கவனித்திருந்தோம்.

கிரிஸ்டுப்பின் அக்கா மாரிகேயும் அந்த வீட்டில்தான் இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளாதவள். நாக்கில் முள் வைத்துப் பேசுவாள். ஆனால் வேலையில் ஆண்களுக்குச் சளைத்தவள் அல்ல. காலையில் அவளும் அடூஷேயும் சேர்ந்துதான் வாசல் மணலை மீன்கூடையில் அள்ளிக்கொண்டுபோய்க் காயல்கரையில் கொட்டுவார்கள்.

"மதினி, நேத்து எத்தனை கூடை அள்ளுனோம்?" என்று கேட்டாள் அடூஷே.

"எண்ணுனா வயித்தெரிச்சல்தான். அள்ளு."

"இந்த வருஷம் கம்பு நடுவாங்கன்னு சொன்னாங்களே. கல்வைட் முற்றத்துல மிலாறுக் கட்டு மலையாக் குமிஞ்சு கெடக்கு."

கல்வைட் மணல்மேட்டுக்குப் பொறுப்பான அரசாங்க ஆள். மேட்டில் மிலாறுகளை, காய்ந்த கிளைக் குச்சிகளை, வரிசையாக ஊன்றி, மணல் நகராமல் பிடித்து, இடையில் குட்டைப் பைன் நடுவது அவர் வேலை. ஊர்ப் பெண்களுக்கு வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் அந்த நடவுதான் கூலி வேலை. சுற்றியிருந்த மேடுகளெல்லாம் அப்படிப் பச்சையாகிவிட்டன. எங்கள் மேடு ஒன்றுதான் மொட்டையாக மிச்சம்.

"எங்க நட? படக்காரங்க எல்லாம் ஒண்ணாச் சேந்து மேல எழுதிப் போட்டுட்டாங்களாம். மேட்டத் தொடாதீங்க, அழகு கெட்டுப்போகும்னு. பொறுத்திருன்னு கல்வைட்டுக்கு உத்தரவு வந்திருக்கு" என்றாள் மாரிகே.

"நம்ம டெட்மர் ஐயாவுமா எழுதினாரு?"

"அவர்தான் மொதப் பேரு."

அடூஷே கூடையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். பிறகு திரும்ப எடுத்துக்கொண்டாள். அந்தக் கோடையில் அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. புகையடுப்பில் பைன் காய்களைப் போட்டு மீனைத் தொங்கவிடுவாள், பாதியில் எழுந்து வீட்டைச் சுற்றி வருவாள், திரும்புவதற்குள் மீன் கருகியிருக்கும்.

டெட்மரின் புதுப் படத்தை அடூஷே பார்த்தது ஜூலைக் கடைசியில். டெட்மர் வெளியே போயிருந்த நேரம் அறையைப் பெருக்கப் போனாள். சுவரில் சாய்த்து வைத்திருந்த படத்தின் மேல் போர்த்திய துணி காற்றில் விலகியிருந்தது. மூடப்போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சாயங்கால வெளிச்சத்தில் மேடு. ரோஜா நிறமும் தேன் நிறமும் கலந்த மணல். மணலுக்குள்ளிருந்து ஒரு கூரை முகடு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. முகட்டில் குறுக்காக இரண்டு பலகைகள். இடது பலகை விரிசல் விட்டு வலைக்கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. அந்தக் கயிற்றைப் போன கோடையில் கிரிஸ்டுப் கட்டியபோது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான். கதவு இல்லை, ஜன்னல் இல்லை. வடக்கு மூலையில் மணல் கூரைக்கும் மேலே ஏறியிருந்தது. மனித வாடையே இல்லை.

படம் அழகாக இருந்தது. அதுதான் அவளைக் குலைத்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு போட்ட மீன் சாறு. மற்ற மூன்று பேரும் மேஜையில் இருந்தார்கள். அடூஷே உட்காரவில்லை.

"ஐயா, உங்க படத்தப் பாத்துட்டேன்."

"மூடி வச்சிருந்தேனேம்மா."

"காத்துல வெலகிருச்சு. மூடத்தான் போனேன்."

டெட்மர் கரண்டியை வைத்தார். "அது சும்மா ஒரு கற்பனை. நடக்கப்போறதுன்னு நான் சொல்லல."

"வீடு எங்க வீடு. அது சரி. நாங்க எங்க?"

"என்ன கேக்குறீங்க?"

"படத்துல ஒரு ஆளையும் காணோமே. நாங்க எங்க போயிருப்போம்?"

அவர் பொய் சொல்லத் தெரியாத மனுஷர். "அத நான் நெனச்சுப் பாக்கலையேம்மா" என்றார்.

"காயல்ல விழுந்திருப்போம். படத்துக்கு அந்தப் பக்கம்" என்றாள் மாரிகே, ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே.

அடூஷே விடவில்லை. "காத்து மேக்கேருந்துதான அடிக்குது. ஆனா வடக்கு மூலையில மணல் ஏறிக் கெடக்கு. அப்பிடித்தான் ஏறும்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

டெட்மரின் கண் ஒரு நொடி கிரிஸ்டுப் பக்கம் போய் வந்தது. கிரிஸ்டுப் தட்டை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. அடூஷே அகப்பையைச் சட்டியில் போட்டுவிட்டு வெளியே போனாள்.

அன்று பொழுது சாயும்போது வலை காயும் கம்புகளுக்கிடையில் கிரிஸ்டுப்பைப் பிடித்தாள். நான் பக்கத்துக் கம்பில் எங்கள் வலையிலிருந்து பாசி எடுத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் என்னைப் பொருட்படுத்தவில்லை.

"வீடு முங்கும்னு எத்தனை நாளாத் தெரியும் ஒனக்கு?"

"தெரியறதுக்கு என்ன இருக்கு. கண்ணு இருக்கறவனுக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியலையே. தெனமும் வாசலக் கூட்டிக்கிட்டு, இந்த வருஷம் போனா சரியாப்போகும்னுதான நெனச்சேன். நீ தெரிஞ்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்க. அவர்கிட்டப் போய்ச் சொல்லியிருக்க. எங்கிட்டச் சொல்லல."

"அவரு கேட்டாரு."

"கேட்டாத்தான் சொல்லுவியா? பொண்டாட்டி மனு எழுதிக் குடுக்கணுமா?"

கிரிஸ்டுப் வலையிலிருந்து கையை எடுத்தான். மெதுவாகத்தான் பேசினான்.

"நான் சின்னப் பையனா இருக்கறப்ப பழைய ஊரு மணல்ல முங்குச்சு. எங்கப்பா வீட்டப் பிரிச்சு, கட்டை கட்டையாப் படகுல ஏத்தி இங்க கொண்டாந்து வெச்சாரு. எங்கையில ஒரு கோழியக் குடுத்திருந்தாங்க. எங்கம்மா வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே வந்தா. இங்க வந்து சேந்ததுக்கப்புறம் அவ முழுசா ஒக்காந்து நான் பாத்ததே இல்ல. வாசல்ல நின்னுக்கிட்டேதான் சாப்பிடுவா. செத்ததும் நின்னுக்கிட்டேதான்."

"அதுக்கு?"

"ஒரு தடவ தூக்கியாச்சு அடூஷே. இன்னொரு தடவ எனக்குத் தெம்பு இல்ல."

"அப்ப கூரை முங்கறவரைக்கும் உள்ள ஒக்காந்திருக்கறதா உத்தேசம்?"

"அந்தப் படத்த அவரு வரைஞ்சு காட்டுனப்ப எனக்குப் பயமா இல்ல. முடிஞ்சுபோன காரியம் மாதிரி இருந்துச்சு. மனசுக்கு ஒரு மாதிரி அமைதியா இருந்துச்சு."

அடூஷே அவனையே பார்த்தாள். "எனக்கு அமைதியா இல்ல" என்றாள். போய்விட்டாள்.

மறுநாள் காலை எங்கள் வீடுகளுக்கெல்லாம் வந்தாள். வேலை உடுப்போடு, வாயைச் சுற்றி முக்காடு கட்டி வந்ததிலேயே நடவுக்குக் கிளம்பிவிட்டாள் என்று எங்களுக்குப் புரிந்தது. அவள் பின்னால் மாரிகே, இறக்கத்து வீட்டு உர்ட்டே, நான், இன்னும் கொஞ்சம் பேர் கல்வைட்டின் முற்றத்துக்குப் போனோம்.

"உத்தரவு இல்லாம ஒரு குச்சி குடுக்க முடியாது" என்றார் கல்வைட்.

"நீங்க குடுக்க வேணாம். நாங்க எடுத்துக்கறோம்."

அவர் சட்டைப்பையில் கையை விட்டுப் புகைக்குழாயைத் தேடினார். "எடுக்கறவங்களத் தடுன்னும் உத்தரவு வரலதான்" என்று சொல்லிவிட்டு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புகையிலை அடைக்க ஆரம்பித்தார். நாங்கள் கடைசிக் கட்டைத் தூக்கும்வரை அந்தக் குழாய் நிரம்பவில்லை.

மிலாறுக் கட்டுகளை முதுகில் சுமந்துகொண்டு மேட்டில் ஏறினோம். சூடு செருப்பில்லாத காலைப் பொசுக்கியது. ஒருத்தி மண்வெட்டியால் குழி கீற, இன்னொருத்தி மிலாறை நட்டு, மூன்றாமவள் காலால் மிதித்து இறுக்குவாள். கீழே வெள்ளைக் குடைகள் அசைந்தன. யாரோ கையை ஆட்டினார்கள். தங்கள் படத்தின் நடுவில் நாங்கள் நிற்கிறோம் என்றுதான் அதற்கு அர்த்தம். நாங்களும் கையை ஆட்டினோம்.

கடைசியில் டெட்மரே மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"அடூஷே, என்மேல கோபம்னா என்னைத் திட்டுங்க. மேட்டை விட்டுருங்க. இது மாதிரி ஒரு மேடு வேற எங்கயும் இல்லம்மா. அலை மாதிரி நடந்து போகுது. அதுக்குக் கால்விலங்கு போடுறீங்க."

"நடந்து எங்க போகுதுன்னு பாத்தீங்களா ஐயா? எங்க அடுப்படிக்கு."

உர்ட்டே இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தாள். "ஐயா, உங்க ஊருத் தெரு எந்திரிச்சு உங்க வீட்டுக்குள்ள நடந்து வந்தா, குடை புடிச்சு ஒக்காந்து வரைவீங்களா?"

நாங்கள் முக்காட்டுக்குள் சிரித்தோம். டெட்மருக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

"இந்த ஒரு கோடை மட்டும் பொறுங்க. அடுத்த வருஷம் நட்டுக்கலாம்."

"நீங்க செப்டம்பர்ல போயிருவீங்க. காத்து அக்டோபர்ல வரும்" என்றாள் அடூஷே.

டெட்மர் மேட்டை விட்டு இறங்கினார். அந்த வாரம் முழுக்க அவர் வரையவில்லை. அடூஷேயும் கிரிஸ்டுப்பும் ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள், பேச்சு மட்டும் மாரிகே வழியாகத்தான் போய் வந்தது. "உந்தம்பிக்கு உப்பு வேணுமான்னு கேளு." "வேணாம்னு சொல்லு." மாரிகே ஒருநாள் உப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

காற்று அக்டோபர்வரை பொறுக்கவில்லை. ஆகஸ்டு நடுவிலேயே வந்தது. வானமும் மேடும் ஒரே நிறமாகிவிட்டன. ஜன்னல் இடுக்குகளில் ஈரத் துணி அடைத்துக்கொண்டு உள்ளேயே கிடந்தோம். கூரையின் மேல் மணல் விழும் சத்தம், யாரோ ஓயாமல் தானியம் புடைக்கிற மாதிரி கேட்டது. காற்று ஓய்ந்து வெளியே வந்தபோது எங்கள் மிலாறு வேலி நின்றிருந்தது. அடூஷேயின் வாசலில்கூட மணல் குறைவுதான். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, உர்ட்டே வந்து சேரும்வரை.

"அடூஷே, வந்து பாரு."

"என்னக்கா?"

"வந்து பாரு."

உர்ட்டேயின் கிழங்குத் தோட்டத்தைக் காணவில்லை. வேலியில் முட்டிய மணல் அதன் வடக்கு முனையைச் சுற்றிக்கொண்டு ஓடி, இறக்கத்தில் இருந்த தோட்டத்தில் வழிந்திருந்தது. ஒன்றிரண்டு செடிகளின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. குளிர்காலம் முழுக்க அந்த வீட்டு ஆட்கள் தின்ன வேண்டிய கிழங்கு அது.

"உன் வீட்டுக்கு வந்தத என் வீட்டுக்குத் திருப்பி விட்டுட்ட" என்றாள் உர்ட்டே. சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

"நீயும்தானக்கா கூட நின்னு நட்ட."

"நட்டேன். அதான் என்னையே அடிச்சுக்கறேன்."

அடூஷே மண்டியிட்டுக் கையாலேயே தோண்ட ஆரம்பித்தாள். உர்ட்டே சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவளும் குனிந்தாள். நாங்கள் எல்லாரும் கூடைகளோடு வந்தோம். பிஞ்சாக இருந்தாலும் கிடைத்த கிழங்கை எடுத்தோம்.

கல்வைட் அங்கே வந்து சேர்ந்தார். மேலிடத்திலிருந்து நடவுக்கு அனுமதி வந்துவிட்டது என்றார். விடுதியின் தாழ்வாரத்திலும் மணல் ஏறி, படக்காரர்கள் காலை உணவை மணலோடு சாப்பிட்டிருக்கிறார்கள். விடுதிக்காரர் காற்று ஓயும் முன்பே தந்தி அடித்துவிட்டார்.

"ஆனா நீங்க நட்ட எடம் சரியில்ல. ரொம்ப மேல. கீழ இருக்கற மணல் ஏற்கனவே வந்தாச்சு, அது நிக்காது" என்றார். கையை நீட்டிக் காட்டினார். "அந்த ரெண்டு ஆல்டர் மரத்துலேருந்து கல்லறைத் தோட்டத்து மூலைவரைக்கும் ரெட்டை வேலி. அங்கதான் மணலப் புடிச்சு நிறுத்த முடியும்."

நாங்கள் அந்தக் கோட்டைக் கண்ணால் போட்டுப் பார்த்தோம். கோட்டுக்குக் காயல் பக்கம் உர்ட்டே வீடு, எங்கள் வீடு, விடுதி, மீதி ஊர். மேட்டுப் பக்கம் ஒரே ஒரு வீடு.

"எங்க வீட்டையும் சேத்து உள்ள வெச்சுப் போட முடியாதா?" என்று கேட்டாள் அடூஷே.

"போடலாம். ஒரு வருஷம் நிக்கும். அப்புறம் வேலியும் போகும், பின்னால இருக்கறதும் போகும்."

உர்ட்டே மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடூஷே கையிலிருந்த மணலைப் பாவாடையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"கட்டைச் சம்மட்டிய யாரு வெச்சிருக்கீங்க? மொதக் கம்ப நான் அடிக்கறேன். வேற யாராவது அடிச்சா, சாகற வரைக்கும் அவ மொகத்துல முழிக்க மாட்டேன்."

ஆல்டர் மரத்தடியில் முதல் கம்பை அடித்தாள். அங்கிருந்து நூல் பிடித்த மாதிரி தன் வீட்டுக் கொல்லையின் பின்பக்கமாகவே வரிசையைக் கொண்டுபோனாள். நாங்கள் பின்னால் மிலாறு ஊன்றிக்கொண்டே போனோம்.

கிரிஸ்டுப் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். மாரிகே போய் அவன் முன்னால் நின்றாள்.

"உம்பொண்டாட்டி நம்மள வெளியில விட்டு வேலி போட்டுக்கிட்டிருக்கா. தெரியுதா?"

"தெரியுது."

"அழுதுக்கிட்டே அடிக்கறா. அதுவும் தெரியுதா? படிக்கட்டு எங்கயும் ஓடிப்போகாது. எந்திரி."

அவன் அசையவில்லை. மாரிகே காறித் துப்பிவிட்டு வரிசைக்குத் திரும்பினாள். சம்மட்டி விழும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கம்பு வரிசை அவன் வீட்டுச் சுவரைத் தாண்டியபோது எழுந்தான். உள்ளே போனான். ஏணியை எடுத்து வந்து கூரையில் சாய்த்தான்.

மேலே ஏறி, முகட்டில் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்து, முதல் நாணல் கற்றையின் முடிச்சை அறுத்தான். உருவி எறிந்தான். நாங்கள் கையில் மிலாறோடு அப்படியே நின்றோம்.

சரிவிலிருந்து டெட்மர் ஓடி வந்தார். அன்றைக்குத்தான் திரும்பக் குடையை விரித்திருந்தார். கையில் தூரிகை ஈரமாக இருந்தது.

"கிரிஸ்டுப், என்ன செய்யறீங்க? ஒரு வாரம் பொறுங்க. ஒரு வாரம் போதும். வெளிச்சம் இப்பத்தான் சரியா வந்திருக்கு."

கிரிஸ்டுப் குனிந்து அவரைப் பார்த்தான். கோபமெல்லாம் இல்லை.

"ஐயா, ஏணி ஆடுது. கொஞ்சம் புடிச்சுக்கங்க."

டெட்மர் தூரிகையை வைக்க இடம் தேடினார். சுற்றிலும் மணல்தான். கடைசியில் அதைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்தார். அடுத்த கற்றையை உருவியதும் கூரைக்குள் வருஷக்கணக்காகப் புகுந்து கிடந்த மணல் அவர் தலையிலும் தாடியிலும் கொட்டியது. கண்ணை மூடிக்கொண்டாரே தவிர ஏணியை விடவில்லை.

அடூஷே சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டு வந்தாள். அவ்வளவு நாளும் பேசாதவள், அண்ணாந்து நேராக அவனையே கேட்டாள்.

"சுவத்துக் கட்டைக்கெல்லாம் அடையாளம் போட்டியா?"

"இன்னும் இல்ல."

"போடாம பிரிச்சா எது எங்க இருந்துச்சுன்னு எப்படித் தெரியும்?"

"கூரைய மொதல்ல எறக்கறேன். நீ கரிக்கட்டி எடுத்து உள்ளேருந்து குறி போட்டுக்கிட்டே வா."

"எங்க கொண்டுபோய் வெக்கறது?"

அவன் காயல் பக்கம் திரும்பினான். "வலை காயப்போடற மேட்டுக்குக் கிழக்க, வேலிக்கு உள்ள, ஒரு எடம் இருக்கு. தண்ணி ஏறாது. நீ இருக்கற எடத்துலேருந்து தெரியாது."

அடூஷே பாவாடையை இடுப்பில் சொருகினாள்.

"நல்லாப் புடிங்க ஐயா" என்றாள் டெட்மரிடம். ஏணியில் கால் வைத்து ஏறத் தொடங்கினாள்.